நாட்டுக் கோழி இறைச்சியின் தரம்: கடக்நாத், அசீல் இனங்களை முன்னிட்டு

மத்தியப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களில் பீல், பிலாலா என்னும் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக வளர்த்துவரும் கோழியினம் கடக்நாத் என்பதாகும். கொண்டை, அலகு, தோல், கால், நாக்கு, மூச்சுக்குழல், எலும்பை மூடிய சவ்வு ஆகிய யாவும் கரிய நிறமாக அமைந்திருப்பது இதன் சிறப்பு. தசையும் கருமை தோய்ந்தே காணப்படும். கரிய இறைச்சியையுடையது என்னும் பொருள்படக் 'காலி மாசி' என்று அப்பகுதி மக்கள் இதனை அழைக்கின்றனர். 2018ஆம் ஆண்டில் ஜாபுவாக் கடக்நாத்தின் கரிய இறைச்சிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. பதிவு பறவைக்கு அன்று, அதன் இறைச்சிக்கே என்பது கருதத்தக்கது.

இக்குறியீட்டின் பின்னர் நகரங்களில் இதன் விலை பிராய்லர் கோழியின் விலையைப்போற் பன்மடங்காயிற்று. தமிழ்நாட்டிலும் 'கருங்கோழி' என்னும் பெயரில் இதனை வளர்ப்போர் பலர் தோன்றியுள்ளனர். ஆயின் இவ்விலை எதன்மேல் நிற்கிறது? பெரும்பாலும் சில துண்டுப் பிரசுரங்களில் அச்சிடப்பட்ட எண்களின்மேல் நிற்கிறது. அவ்வெண்களை நம்பிக் கடன் பெற்றுக் கொட்டகை அமைத்தவர்களும் உண்டு. நோயுற்றோர்க்கு மருந்தெனக் கருதி வாங்கியவர்களும் உண்டு. எண்கள் பிழைபட்டால் வாங்குவோர் ஒருநாள் விலகிச் செல்வர். அன்று இழப்படைபவர் இவ்வினத்தைக் காத்துவந்த சிறு குடும்பத்தினரே. ஆகையால், நாட்டுக் கோழி இறைச்சியின் உண்மையான சிறப்பு யாது, அதனை எவ்வாறு அளந்தறிவது என்பதைக் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

இஃது ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றிய செய்தியன்று. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டிலுள்ள கோழி முதலிய வளர்ப்புப் பறவைகள் 85 கோடிக்கு மேற்பட்டவை; அவற்றுள் ஏறத்தாழ 31.7 கோடி புறக்கடைப் பறவைகள். முந்தைய 2012ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட, புறக்கடைப் பறவைகளின் தொகை மட்டும் ஏறத்தாழ 46 சதவிகிதம் பெருகியிருந்தது.

ஒப்பிடும் முறை

பிரசுரங்களில் அடிக்கடி காணப்படும் அட்டவணை ஒன்றுண்டு. கடக்நாத் இறைச்சியில் புரதம் 25 சதவிகிதம், பிற கோழிகளில் 18 முதல் 20. கடக்நாத்தில் கொழுப்பு 0.73 முதல் 1.03 சதவிகிதம், பிற கோழிகளில் 13 முதல் 25. கொலஸ்ட்ரால் 100 கிராமுக்குக் கடக்நாத்தில் 184 மில்லிகிராம், பிறவற்றில் 218 என்று அது கூறும். படிப்போர் வியப்படைவது இயல்பே. ஆனால் வியப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: கோழியின் எப்பகுதியை எப்பகுதியோடு ஒப்பிட்டனர்?

கோழியுடலில் கொழுப்பு ஒரே சீராகப் பரவியிருப்பதன்று. அது தோலிலும், தோலுக்கடியிலும், அடிவயிற்றிலும் திரண்டு நிற்கும். பச்சைக் கோழித்தோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பே. பிராய்லர் கோழியைத் தோலோடு முழுமையாக அரைத்துச் சோதித்தால் கொழுப்பு ஏறத்தாழ 15 சதவிகிதம் வரும். அதே பிராய்லரின் நெஞ்சுத் தசையைத் தோல் நீக்கிச் சோதித்தால் அது 1 முதல் 3 சதவிகிதமாகச் சுருங்கிவிடும். புரதமும் 22, 23 சதவிகிதத்தை எட்டும். எனவே கடக்நாத்தின் தோலற்ற நெஞ்சிறைச்சியை ஒரு தட்டிலும், பிராய்லரைத் தோலும் கொழுப்புமாக மற்றொரு தட்டிலும் வைத்து நிறுத்தால் கிடைக்கும் வேறுபாடு இனத்தின் வேறுபாடு அன்று, தோலின் வேறுபாடேயாம். மேலே கண்ட கொழுப்பெண்கள் இரண்டும் இத்தகைய ஒப்பீட்டுக்கே பொருந்துகின்றன. கொலஸ்ட்ரால் எண்களோ இரண்டுமே மிகையானவை. தோல் நீக்கிய பச்சைக் கோழியிறைச்சியில், எந்த இனமாயினும், 100 கிராமுக்கு 60 முதல் 90 மில்லிகிராம் வரை காணப்படுவதே வழக்கம்.

அப்படியானால் வேறுபாடே இல்லையா எனின், உண்டு. ஒத்த பகுதியை ஒத்த பகுதியோடு வைத்து நோக்கினும், நாட்டுக் கோழியின் தசையில் கொழுப்புச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அடிவயிற்றுக் கொழுப்பிலோ வேறுபாடு வெளிப்படை. பிராய்லரின் வயிற்றைத் திறந்தால் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டி கையில் தட்டுப்படும். ஓடியாடி இரைதேடிய கடக்நாத் பெட்டையிடம் அது பெரும்பாலும் மெல்லிய படலமாகவே இருக்கும். இதனைச் சொல்வதில் தவறில்லை; இருபது மடங்கு என்று சொல்வதே தவறு. கொழுப்புக் குறைவு எல்லார்க்கும் எப்போதும் நன்மையென்று எண்ணுவதும் நகரத்தார் கணக்கே ஆகும். உணவு போதாத வீட்டுக் குழந்தைக்குச் சிறிது கொழுப்பும் உணவுதான்.

கருமைக்குக் காரணம்

இறைச்சி கரிதாயிருப்பதால் இரும்புச்சத்து மிகுதி என்று கூறுவாரும் உளர். இது நிறத்தைக் கண்டு செய்த ஊகமேயன்றி வேறன்று. கருமைக்குக் காரணம் மெலனின் என்னும் நிறமி. நம் தலைமயிரையும் கண்மணியையும் கருக்கச் செய்வதும் அதுவே. கடக்நாத்தின் தசைநார்களைச் சூழ்ந்துள்ள இணைப்புத் திசுவிலும், எலும்புச் சவ்விலும், உள்ளுறுப்புக்களின் உறைகளிலும் மெலனின் உண்டாக்கும் உயிரணுக்கள் பெருந்தொகையாகக் குடியேறியுள்ளன. அதன் குருதி, பிற கோழிகளின் குருதியைப் போலச் செந்நிறமுடையதே. ஆதலின் சோகையுற்ற கருவுற்ற தாய்க்கு இரும்பு மாத்திரைக்கு மாற்றாக இக்கோழியைப் பரிந்துரைத்தல் கூடாது. இரும்பு வேண்டுமாயின் எந்தக் கோழியின் ஈரலும் அதன் தசையைவிட மேலானது, மாத்திரையோ இன்றியமையாதது.

இக்கருமை எவ்வாறு நேர்ந்தது என்பது 2011ஆம் ஆண்டில் சில்க்கி என்னும் சீனத்துப் பட்டிறகுக் கோழியைக் கொண்டு விளக்கப்பட்டது. கோழியின் இருபதாம் குரோமோசோமில் இரு பகுதிகள் இரட்டித்து, இடம் மாறி அமைந்துள்ளன. அப்பகுதியில் எண்டோதீலின்-3 என்னும் ஜீன் உள்ளது. நிறமியணுக்களைப் பெருக்கி உடலெங்கும் செல்லத் தூண்டும் பொருளை ஆக்குவது அது. ஜீன் இரட்டித்தபோது அப்பொருளும் மிகுந்தது. கருவளர் நிலையிலேயே நிறமியணுக்கள் தாம் செல்லாத இடங்களுக்கெல்லாம் சென்று பரவின. இந்தோனேசியாவின் அயாம் செமானிக் கோழியிலும் இதே மாற்றம் உள்ளது. இறகின் கருமை வேறு, தசையின் கருமை வேறு என்பதையும் இங்கே கூறவேண்டும். கடக்நாத்தில் முழுக் கருப்பு, வரியிறகு, பொன்னிறம் என மூவகை உண்டு. மூன்றிலும் தசை கரிதே. வங்காளத்தின் ஹரிங்காட்டாக் கருங்கோழி இறகால் மட்டுமே கரியது.

ஆசிரியர்கட்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தி ஒன்று இவ்விடத்தில் உண்டு. பேட்சன், பன்னெட் என்னும் ஆங்கில விஞ்ஞானிகள் இருவர் சில்க்கிக் கோழியைப் பழுப்பு லெகார்ன் இனத்தோடு கலந்து பார்த்து, 1911ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கருந்தசைச் சேவலை லெகார்ன் பெட்டையோடு சேர்த்தபோது பிறந்த பெண்குஞ்சுகள் மிகக் கரியவையாகவும், ஆண்குஞ்சுகள் சற்றே நிறமேறியவையாகவும் இருந்தன. மாற்றிச் சேர்த்தபோதோ, அதாவது லெகார்ன் சேவலைக் கருந்தசைப் பெட்டையோடு சேர்த்தபோது, இருபாலும் வெளிறியே பிறந்தன. காரணம் யாதெனில், கருமையை உண்டாக்கும் ஜீன் ஒன்றிருக்க, அதனைத் தோலில் தடுக்கும் ஜீன் மற்றொன்று பால் குரோமோசோமில் உள்ளது. பறவைகளில் பெண்ணுக்குப் பால் குரோமோசோம்கள் இருவேறு வகை; ஆணுக்கு இரண்டும் ஒரே வகை. தாய் தன்னிடமுள்ள அத்தடுப்பு ஜீனை ஆண்குஞ்சுகளுக்கு மட்டுமே அளிக்கிறாள். தந்தை தடுப்பு ஜீனை இரட்டையாகப் பெற்றிருந்தால் எல்லாக் குஞ்சுகளுக்கும் அளிக்கிறான்.

இது வெறும் பாடமன்று. ஓர் ஊரில் கடக்நாத் சேவல் ஒன்றை, மஞ்சட் காலும் வெண்காலும் உடைய ஊர்ப் பெட்டைகளோடு விட்டு வளர்க்கிறார்கள் என்று கொள்வோம். பிறக்கும் பெட்டைகள் கன்னங்கரியனவாயிருக்கும். அவற்றைத் தூய கடக்நாத் என்று நம்பி வாங்குபவர், அவற்றிலிருந்து குஞ்செடுக்கும்போது கரியதும் வெளிறியதும் கலந்து வரக் கண்டு திகைப்பார். எனவே இனப்பெருக்கத்திற்கு வாங்குவோர் பெட்டைகளின் நிறத்தை மட்டும் நோக்காது, உடன்பிறந்த சேவல்களையும் காட்டும்படி கேட்டல் நன்று. சேவலும் கரிதாயின் ஓரளவு நம்பலாம்.

வயதும் தசையும்

நாட்டுக் கோழியின் இறைச்சிக்குத் தனித்தன்மையை அளிப்பவற்றுள் முதன்மையானது, என் கருத்தில், நிறமும் அன்று, கொழுப்பும் அன்று, வயதேயாகும். பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோகிராமைத் தாண்டிவிடும். கடக்நாத் ஒரு கிலோகிராமை எட்டுவதற்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகின்றன. ஆண்டுக்கு நூறு முட்டையளவே இடுகிறது. அசீல் பெருவுடல் படைத்தது. முதிர்ந்த சேவல் நான்கு கிலோகிராமுக்கு மேலும் வளரும். ஆயினும் அதுவும் நிதானமாகவே வளர்கிறது. இங்ஙனம் நீண்டநாள் உயிர்வாழ்ந்து, நடந்தும் கிளறியும் பறந்தும் பழகிய தசை, ஆறு வாரக் குஞ்சின் தசையோடு ஒத்திருக்க முடியாது.

தசைநார்களைக் கட்டிவைப்பது கொலாஜன் என்னும் புரதம். இளம் பறவையில் கொலாஜன் இழைகளிடையேயுள்ள குறுக்குப் பிணைப்புக்கள் எளிதில் வெப்பத்தால் அவிழும். வயது ஏற ஏற அப்பிணைப்புக்கள் வெப்பத்திற்கு அசையாதவையாக இறுகுகின்றன. ஆகவேதான் நாட்டுக் கோழியை வறுத்தால் கடினமாகிறது. குழம்பிலிட்டு மெதுவாக நெடுநேரம் வேகவைத்தால் கொலாஜன் கரைந்து ஊன்பசையாகி, சாற்றுக்குத் திண்மையும் கறிக்கு மென்மையும் தருகிறது. நம் தாய்மார் இவ்வுண்மையைச் சோதனைக்கூடமின்றியே அறிந்திருந்தனர். பச்சைப் பப்பாளித் துண்டு சேர்ப்பதும் இதைச் சார்ந்ததே. அதிலுள்ள பப்பெய்ன் என்னும் நொதி புரதத்தை உடைக்கிறது.

வேகமாக வளர்வதிலும் ஒரு விலை உண்டு. பெருநெஞ்சுடைய பிராய்லர்களின் நெஞ்சுத் தசையில் வெண்கோடுகள் தோன்றுவதும், சில வேளை தசை மரம்போல் இறுகுவதும் சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல நாடுகளிலும் கண்டறியப்பட்டுள்ளன. நாட்டு இனங்களில் இக்குறை அரிது. ஆனால் நெஞ்சிறைச்சியின் அளவில் பிராய்லரோடு அவை போட்டியிட இயலாது. உரித்த எடை உயிரெடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும். அதிலும் நெஞ்சைவிடக் காலும் தொடையும் பங்கில் மிகுந்திருக்கும். மொட்டைக்கழுத்துக் கோழிகள் இறகு குறைந்தவையாதலின் இவ்வகையில் ஒருசிறிது ஆதாயம் தருவன.

சுவையைப் பற்றிப் பேசும்போது எச்சரிக்கை வேண்டும். அது நாவின் பழக்கத்தையும் பொறுத்தது. எனினும் சுவைக்கு அடிப்படையான சில பொருள்கள் அறியப்பட்டுள்ளன. அறுத்தபின் தசையிலுள்ள ஆற்றற்பொருள் சிதைந்து இனோசினிக் அமிலமாகிறது. கோழிச்சாற்றின் சுவையில் பெரும்பங்கு அதனுடையது. கார்னோசின், அன்செரின் என்னும் இரு சிறு கூட்டுப்பொருள்கள் தொடையைவிட நெஞ்சில் மிகுதி; மெதுவாக வளரும் நாட்டினங்களில் இவை கூடுதலாகக் காணப்பட்டதைப் பல ஒப்பீடுகள் காட்டியுள்ளன. ஜப்பானின் ஹினாய் நாட்டுக் கோழியின் சுவைக்கு அரக்கிடானிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தையும் ஒரு காரணமாகக் கூறுகின்றனர். இவையெல்லாம் உணவின் குணங்கள். மருந்தின் குணங்கள் அல்ல.

அசீலின் வழித்தோன்றல்கள்

அசீலைப் பற்றிப் பலர் அறியாத வரலாறொன்று உண்டு. ஆந்திரம், சத்தீஸ்கட்டின் பஸ்தர், ஒடிசா ஆகிய பகுதிகளில் போர்க்கோழியாகப் பேணப்பட்ட இவ்வினம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குச் சென்றது. அங்கே மலாய்க் கோழியோடும் ஆங்கிலப் போர்க்கோழியோடும் கலந்து, 'இந்தியப் போர்க்கோழி' என்னும் பெயரால் ஒரு புதிய இனம் உருவாயிற்று. சண்டைக்கு அது உதவவில்லை. ஆனால் அகன்ற நெஞ்சும் தடித்த தொடையும் அதனிடம் அமைந்தன. அதுவே பின்னர்க் கார்னிஷ் எனப் பெயர்பெற்றது. அமெரிக்காவில் 1948, 1951 ஆகிய ஆண்டுகளில் 'நாளைய கோழி' என்னும் பெயரில் நடத்தப்பெற்ற இரு தேசியப் போட்டிகளிலும் சார்லஸ் வான்ட்ரெஸ் என்பாரின் கார்னிஷ் கலப்புக் கோழிகள் வெற்றி பெற்றன. இன்றைய பிராய்லரின் தந்தைவழியில் கார்னிஷ் இரத்தம் ஓடுகிறது. பிராய்லரை அயலான் என்றும் அசீலை நம்மவன் என்றும் பிரித்துப் பேசுவோர், முன்னது பின்னதன் தூரத்துப் பேரன் என்பதை நினைவிற் கொள்வாராக. இரண்டிற்குமிடையே இறைச்சி வேறுபடுவதற்குக் குருதியைவிட வளர்ச்சி வேகமே காரணம் என்பது இதனால் மேலும் விளங்கும்.

அறுப்பதற்கு முன்னும் பின்னும்

எவ்வளவு நல்ல இனமாயினும், கடைசி நாளில் செய்யும் பிழை இறைச்சியைக் கெடுத்துவிடும். உயிருள்ள தசையில் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் சேமிக்கப்பட்டுள்ளது. அறுத்தபின் இது லாக்டிக் அமிலமாக மாற, தசையின் அமில கார எண் 7 என்னும் நிலையிலிருந்து மெல்ல 5.8 அளவிற்கு இறங்கும். இவ்விறக்கம் முறையாக நடைபெற்றால் இறைச்சி ஈரத்தைப் பிடித்துவைத்து நல்ல நிறத்தோடு விளங்கும். சந்தையில் நாள் முழுதும் கால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட கோழியும், முற்றமெங்கும் துரத்திப் பிடித்த கோழியும் அச்சேமிப்பை வீணாக்கிவிடுகின்றன. முன்னிரவில் அடையும்போதே பிடித்துக் கூடையில் இட்டு, தீனி கொடாது தண்ணீர் மட்டும் வைத்து, மறுநாள் காலையில் அறுத்தலே நேரிது.

அறுத்த சிறிது நேரத்தில் தசை விறைக்கத் தொடங்கும். அவ்விறைப்பின் உச்சத்தில் வெட்டி அடுப்பேற்றினால் எத்துணை இளங்கோழியும் கடினமாயிருக்கும். நான்கு முதல் ஆறு மணி நேரம் குளிர்ச்சியில் வைத்தால் விறைப்பு நீங்கி மென்மை உண்டாகும். குளிர்வசதியற்ற சிற்றூரில் இவ்வளவு நேரம் வெளியே வைத்தல் ஆகாது. அங்கே நெடுநேரம் வேகவைத்தலே வழி. நகரக் கடைக்கு அனுப்புவோர் இந்நேரத்தைக் குளிர்பெட்டியில் கழித்த பின்னரே துண்டாக்க வேண்டும்.

விலைச்சீட்டில் எழுதவேண்டியவை

பிரான்சில் 1965 முதல் சிவப்புச் சீட்டு என்னும் தர அடையாளம் கோழிகளுக்கு வழங்கப்பட்டு வருகிறது. மெதுவாக வளரும் இனமாயிருத்தல் வேண்டும். 81 நாட்களுக்கு முன் அறுத்தல் கூடாது. ஜப்பானில் 'ஜிதோரி' என்று விற்க, நாட்டினக் குருதி பாதியேனும் இருத்தலும் 75 நாட்களேனும் வளர்த்தலும் விதி. இரு நாட்டாரும் மருத்துவப் புகழ்ச்சியை நாடாது வயதையே அளவுகோலாகக் கொண்டனர். நம் களப்பணியாளர்கள் கடக்நாத் வளர்ப்புக் குழுக்களுக்கு இதனையே கற்பிக்கலாம்: அறுத்த நாளில் பறவையின் வயது, திறந்த வெளியில் வளர்ந்ததா அடைப்பில் வளர்ந்ததா, எடை தோலோடா தோலின்றியா என்னும் மூன்றையும் விலைச்சீட்டில் எழுதட்டும். மூன்று மாதத்தில் அடைப்பிலிருந்து வரும் கடக்நாத்தும், ஆறு மாதம் காட்டோரம் மேய்ந்த கடக்நாத்தும் நிறத்தால் ஒன்றே, இறைச்சியால் ஒன்றல்ல. பின்னதை வளர்க்கும் பீல் குடும்பத்திற்குக் கூடுதல் விலை கேட்கும் உரிமை அச்சீட்டிலிருந்துதான் பிறக்கும்.

பள்ளிகளில் இதனைச் செய்து காட்ட விரும்பும் ஆசிரியர்க்குப் பெருங்கருவிகள் தேவையில்லை. ஒரு தராசும் இட்லிப் பானையும் போதும். இறைச்சி உண்ணாத வீட்டுப் பிள்ளைகளை எடை குறிக்கும் பணியில் அமர்த்தலாம்; எவரையும் வற்புறுத்த வேண்டா. ஒரு பிராய்லரையும் ஒரு நாட்டுக் கோழியையும் உரித்து, தோல், அடிவயிற்றுக் கொழுப்பு, நெஞ்சு, கால், எலும்பு என்று தனித்தனியே நிறுத்து, ஒவ்வொன்றும் உரித்த எடையில் எத்தனை சதவிகிதம் என்று கணக்கிடச் செய்க. அடுத்து, தோல் நீக்கிய நெஞ்சுத் துண்டு 100 கிராம் வீதம் இரண்டினின்றும் எடுத்து, ஒரே தட்டில் இருபது நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியபின் மீண்டும் நிறுக்கவேண்டும். குறைந்த எடை வெளியேறிய சாற்றின் அளவைக் காட்டும். பின்னர் அத்துண்டுகளை நாருக்குக் குறுக்கே ஒரே அளவாக நறுக்கி, எது எதுவென்று சொல்லாமல், உண்ண விரும்புவோர்க்குக் கொடுத்து, விழுங்குமுன் எத்தனை முறை மென்றனர் என்று எண்ணிக் குறிக்கச் சொல்லலாம். இதே சோதனையை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்த தொடைத் துண்டுகளைக் கொண்டு மறுவாரம் செய்தால், மெல்லும் எண்ணிக்கையில் இரு கோழிகளுக்குமுள்ள இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது என்பதை மாணவர் தம் ஏட்டிலேயே காண்பர்.